காப்பிப் பொட்டலத்தில் நியாய வணிக முத்திரை: கூடுதலாகக் கொடுக்கும் பணம் மலைக்குப் போய்ச் சேர்கிறதா?

கேள்வி: பித்தளை பாய்லர் (கோவை)

வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். ஆறு மேஜை, ஒரு பாய்லர், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மூன்று கிலோ காப்பித்தூள் செலவாகிறது. அரவைக் கடைக்காரர் பழக்கமானவர். கொட்டை எங்கே விளைந்தது என்று கேட்டால் "மலையில்" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

போன மாதம் என் அக்கா மகன் நெதர்லாந்திலிருந்து வந்தபோது கால் கிலோ பொட்டலம் ஒன்று கொண்டுவந்தான். நீலமும் பச்சையுமாக வட்டமான முத்திரை. "மாமா, இது நியாய வணிகக் காப்பி. பெரு நாட்டு விவசாயிக்கு நல்ல விலை கொடுத்து வாங்கியது" என்றான். விலையைச் சொன்னான். அந்தக் கால் கிலோவின் பணத்துக்கு என் கடையில் முப்பது பேர் காப்பி குடித்துவிட்டுப் போகலாம். வடிகட்டியில் போட்டுப் பார்த்தேன். மணம் நன்றாக இருந்தது, பால் ஊற்றியதும் ஆளைக் காணவில்லை. சரி, அது அவர்கள் குடிக்கும் விதம்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். கூடுதலாக வாங்கும் பணம் உண்மையிலேயே விளைவிப்பவர் கைக்குப் போகிறதா? நம் பழனி மலையிலும் சேர்வராயனிலும் நீலகிரியிலும் காப்பி விளையும்போது, நான் நேரடியாக வாங்கி இதே மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? கடையில் 'நியாய விலைக் காப்பி' என்று பலகை வைக்கலாம் என்று நினைத்தேன். வைத்தால் ஆட்கள் ரேஷன் அட்டையோடு வந்து நிற்பார்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சூலூர்க்காரன்

எல்லாம் ஸ்டிக்கர் வியாபாரம். பணக்கார நாட்டுக்காரன் மனசாட்சிக்குத் தைலம் தடவுகிறான். விவசாயிக்குப் போவது ஒரு காசு, மிச்சமெல்லாம் பொட்டலம் போட்டவனுக்கு. நீங்கள் பாட்டுக்கு நல்ல பால் வாங்குங்கள், காப்பி தானாக நன்றாக இருக்கும்.

பதில்: தாண்டிக்குடி வாத்தியார்

சூலூர்க்காரரே, ஒரு காசு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். ஓய்வூதியம் கிடையாது. 2009-இல் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கர் காப்பிக்காட்டுக்கு வந்தேன். பழனி மலையில் தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே இருக்கிறது. காப்பி, நிழலுக்குச் சில்வர் ஓக், கல்யாண முருங்கையில் ஏறிய மிளகு, ஓரமாக மலை வாழை. ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சுதான் இந்த மலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. நோய் வந்து அது படுத்துக்கொண்டபின் காப்பிதான் கஞ்சி ஊற்றுகிறது.

தம்பி, உங்கள் கால் கிலோ பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வறுக்கும்போது எடையில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே 250 கிராம் வறுத்த காப்பிக்கு 300 கிராம் பச்சைக் கொட்டை. அந்த 300 கிராமுக்கு ஏறக்குறைய 1,800 கிராம் பழம் பறிக்க வேண்டும். ஒரு கிலோ கொட்டைக்கு ஆறு கிலோ பழம் என்பது எங்கள் வாய்ப்பாடு.

நீங்கள் சொல்லும் முத்திரைக்காரர்கள், 2023 ஆகஸ்டில், கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் கொட்டைக்குப் பவுண்டுக்கு (454 கிராம்) 1.80 டாலர் என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் 1.40 டாலரிலேயே நின்றது. அதற்கு மேல் பவுண்டுக்கு 20 சென்ட் பொதுநிதி. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், உங்கள் பொட்டலத்துக்கான கொட்டைக்குக் குறைந்தபட்சம் 100 ரூபாய், பொதுநிதி 11 ரூபாய். ஒரு காசு அல்ல. ஆனால் இந்த 100 ரூபாய் கப்பல் ஏற்றும் துறைமுகத்தில் விவசாயிகள் சங்கத்துக்குக் கிடைக்கும் விலை. பதப்படுத்தும் கூலி, லாரி வாடகை, சங்கத்துச் செலவு எல்லாம் கழிந்துதான் வீட்டுக்கு வரும். 11 ரூபாய் தனி மனிதர் கைக்கு வராது. சங்கத்துப் பொதுக்குழு கூடி, பள்ளிக்கூடமா, சாலையா, களமா, எதற்குச் செலவழிப்பது என்று கை தூக்கி முடிவு செய்யும்.

"சந்தை விலையே அதைவிட அதிகமாக இருந்தால்?" என்று கேட்பீர்கள். அப்போது குறைந்தபட்ச விலைக்கு வேலை இல்லை, சந்தை விலைதான். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. 1.80 எந்த மூலைக்கு? ஆனால் 2001-ஐ நினைத்துப் பாருங்கள். அப்போது நியூயார்க் விலை 50 சென்டுக்கும் கீழே விழுந்தது. முத்திரை வாங்கிய சங்கங்களுக்குப் பொதுநிதியும் சேர்த்து 1.26 டாலர். இரண்டரை மடங்கு. அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் செடியைப் பிடுங்கிவிட்டு வாழை நட்டவர்கள் இருக்கிறார்கள். பழத்தைப் பறிக்கும் கூலிகூடத் திரும்பாது என்று செடியிலேயே விட்டவர்களும் இருக்கிறார்கள்.

இந்த முத்திரை பிறந்த இடம் மெக்சிகோவில் ஓவஹாக்கா மலை. அங்கே சப்போட்டெக் போன்ற பழங்குடிச் சிறு விவசாயிகள் 1980-களின் தொடக்கத்தில் யூசிரி என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்ற டச்சுப் பாதிரியார் அவர்களோடு வாழ்ந்தவர். "எங்களுக்குத் தானம் வேண்டாம், காப்பிக்கு ஒழுங்கான விலை கொடுங்கள்" என்பதுதான் அவர்கள் நிலை. 1988-இல் நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவலார்' என்ற பெயரில் முதல் முத்திரை வந்தது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் அடித்த காப்பிக் கொள்ளையைச் சொன்ன 1860-ஆம் ஆண்டு நாவலின் நாயகன் பெயர் அது. மறு ஆண்டு ஜூலையில், நாடுகளுக்கு இவ்வளவு காப்பி என்று பங்கு வகுத்து விலையைத் தாங்கிப்பிடித்த உலக ஒப்பந்தம் முறிந்தது. முத்திரை ஓர் ஆண்டு முந்திக்கொண்டது.

ஓவஹாக்காவில் வீடு வீடாக வந்து காப்பி வாங்கும் தரகருக்கு 'கொயோட்டே' என்று பெயர். நம் ஊர் நரிக்குப் பங்காளி. எங்கள் வியாபாரியை நரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏன் என்று சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு நான் கொடுக்க நினைக்கும் பதிலும் அதில்தான் இருக்கிறது.

காப்பியில் பணம் வருவது ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை. மாசி, பங்குனியில் பூ மழை பெய்தால் பூக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை பழம். ஆனி, ஆடியில் கையில் ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில்தான் களை வெட்டு, உரம், நிழல் கழிப்பு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், எல்லாம். 2019 ஜூலையில் மகளின் கட்டணத்துக்காக அடிவாரத்து வியாபாரியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கினேன். வட்டி என்ற பேச்சே இல்லை. "காப்பி வந்ததும் கழித்துக்கொள்ளலாம், சார்" என்றார். தையில் 600 கிலோ பார்ச்மென்ட் இறக்கினேன். (தோலுரித்து, ஊறவைத்து, கழுவிக் காயவைத்த கொட்டையைப் பார்ச்மென்ட் என்போம்.) வெளியில் கிலோ 200 ரூபாய். எனக்கு 175 எழுதினார். 25 ரூபாய் வீதம் 600 கிலோவுக்கு 15,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு அறுபதாயிரத்தின் மேல் பதினைந்தாயிரம். ஆண்டு வட்டி எத்தனை விழுக்காடு என்று என் மாணவனிடம் கேட்டால் உடனே ஐம்பது என்பான். எனக்கு அந்தக் கணக்கு போடத் தெரியாமல் நான் கையெழுத்துப் போடவில்லை. வங்கியில் நகைக்கடன் ஏற்கெனவே இருந்தது. அந்த மனிதர் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தாலும் பணம் தருவார். மகள் திருமணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் நின்று பரிமாறினார்.

ஆக, தையில் எனக்குக் கிடைக்கும் விலை ஆடியிலேயே முடிவாகிவிடுகிறது. நியூயார்க்கில் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, நான் ஏற்கெனவே விற்றுவிட்டேன்.

இப்போது முத்திரைக்காரர்களின் விதிகளைப் படியுங்கள். குறைந்தபட்ச விலை பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பொதுநிதி பற்றிப் பேசுகிறார்கள், பொட்டலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் போடுகிறார்கள். இன்னொரு விதி இருக்கிறது. சங்கம் கேட்டால், ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை கொள்முதல் செய்பவர் முன்னதாகவே கொடுக்க வேண்டும். இதை எந்தப் பொட்டலத்திலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. அச்சடித்தாலும் வாங்குபவர் மனம் நெகிழப்போவதில்லை. எனக்கோ மூன்றிலும் பெரியது அதுதான்.

2014-இல் எங்கள் பக்கத்து 22 பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். விளக்கம் சொல்ல வந்தவர் இந்த விதிகளையெல்லாம் அழகாகச் சொன்னார். காப்பியில் இந்த முத்திரை சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டுமே, பெரிய எஸ்டேட்டுகளுக்குக் கிடையாது என்றபோது எங்களுக்கு மீசை முறுக்கிக்கொண்டது. (அமெரிக்காவில் உள்ள அமைப்பு 2011-இல் தனியாகப் பிரிந்து, எஸ்டேட்டுக்கும் கொடுப்போம் என்றது வேறு கதை.) முதல் தணிக்கைக் கட்டணமே ஆயிரம் யூரோவுக்கு மேல் என்றதும் மீசை இறங்கியது. சரி, முத்திரை பிறகு பார்க்கலாம், முதலில் சேர்ந்து விற்போம் என்று ஆரம்பித்தோம். ஒரே பல்பர் (பழத்தின் தோலை உரிக்கும் எந்திரம்), ஒரே களம். காப்பி நன்றாகத்தான் வந்தது. குழு மொத்தமாக விற்றுப் பணம் வர 45 நாள் ஆகும் என்று கணக்கு. இரண்டாம் வாரமே வெளியில் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டார்கள், கையில் ரொக்கம். ஒன்பது பேர் இரவோடு இரவாக மூட்டையை இறக்கிவிட்டார்கள். அவர்களைத் துரோகி என்று அப்போது திட்டினேன். அதில் ஒருவருக்கு மனைவி மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மறு ஆண்டு குழு கலைந்தது. பல்பர் என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது, துரு ஏறாமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

என் அப்பா காலத்தில் வேறு விதம். 1942 சட்டப்படி காப்பியை அரசின் காப்பி போர்டுக்குத்தான் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் விற்க முடியாது. கொடுத்ததும் ஒரு பகுதிப் பணம், மிச்சம் தவணை தவணையாக. "கடைசித் தவணை வருவதற்குள் தாடி நரைத்துவிடும்" என்பார். 1996-க்குள் அந்தக் கட்டு முழுக்க அவிழ்ந்தது. யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்ற சுதந்திரம் வந்தது. யாரிடம் முன்பணம் வாங்கினோமோ அவரிடம்தான் விற்கலாம் என்பதும் கூடவே வந்தது.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். முத்திரைக்கு அலையாதீர்கள். நாளைக்கு மூன்று கிலோ அரைக்கும் கடைக்கு அது தேவையில்லை. யாரிடம் வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் எப்போது கொடுக்க வேண்டும்? ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், அதை யார் அளக்கிறார்கள்? சந்தை விலை இறங்கினால் போன ஆண்டுப் பேச்சு நிற்குமா? மூன்றாவதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். உங்கள் தூளில் சிக்கரி எத்தனை பங்கு? குஜராத்தில் சிக்கரிக் கிழங்கு தோண்டுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் முத்திரை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பதில்: பெரும்பாறைப் பெண்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனால் ஐயா, இவ்வளவு நீளமான பதிலில் பழம் பறிக்கிறவர் ஒரே வரியில்தான் வருகிறார். அதுவும் கூலி திரும்பாது என்ற வரியில்.

என் அம்மா முப்பது ஆண்டுகளாகப் பழம் பறிக்கிறார். எங்களுக்கு நிலம் கிடையாது. நான் செவிலியர் படிப்பு முடித்து இப்போது திண்டுக்கல்லில் வேலையில் இருக்கிறேன். விடுமுறை நாள்களில் நானும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு போனவள்தான். காலை எட்டு மணிக்குச் செடி முழுக்கப் பனி. ஒரு கிளையை இழுத்தால் தலை முதல் கால் வரை நனையும். ஈர நாளில் அட்டை. அது ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்வோம். நாலு மணிக்கு எடை. அந்த நேரத்தில் யார் முகமும் நன்றாக இருக்காது. தராசு முள்ளைப் பார்க்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். பறித்தவர் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

நீங்கள் போட்ட கணக்கையே நானும் தொடர்கிறேன். 1,800 கிராம் பழம். அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுத்த கூலி கிலோவுக்கு 6 ரூபாய். அந்தப் பொட்டலத்தில் அம்மாவின் பங்கு 10 ரூபாய் 80 காசு வரும். பொதுநிதி 11 ரூபாய் என்றீர்களே, அதுவும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பொதுநிதியை என்ன செய்வது என்று கை தூக்கும் கூட்டத்தில் அம்மா உட்கார முடியாது. சங்கத்தில் உறுப்பினராக நிலம் வேண்டும்.

நான் மனம் நொந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். லண்டன் சோயாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நான்கு ஆண்டுகள் ஆய்வு செய்து 2014-இல் அறிக்கை கொடுத்தார்கள். முத்திரை பெற்ற சங்கங்கள் உள்ள இடங்களில் கூலியாட்களின் நிலை மற்ற இடங்களைவிட மேலாக இல்லை, பல இடங்களில் கூலி குறைவாகவே இருந்தது என்பதுதான் அவர்கள் கண்டது. சிறு விவசாயி என்றால் குடும்பமே பறித்துக்கொள்ளும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இரண்டு ஏக்கர்காரரும் பழுக்கும் நேரத்தில் ஆள் கூப்பிடத்தான் செய்வார்.

கடைக்கார அண்ணனுக்கு ஒன்று. நேரடியாக வாங்குகிறவர்கள் எல்லாரும் "நன்றாகப் பழுத்ததை மட்டும் பறித்துக் கொடுங்கள், அப்போதுதான் ருசி" என்கிறார்கள். சரிதான். எல்லாம் பழுத்திருக்கும் நாளில் அம்மா 50 கிலோ பறிப்பார். ஒரு கொத்தில் இரண்டு சிவப்பு, பத்துப் பச்சை என்றிருக்கும் முதல் சுற்றில் 20 கிலோ வந்தால் பெரிது. கூலி கிலோவுக்கு என்றால் ருசிக்கான விலையைக் கொடுப்பது யார்? பச்சைக்காய் நாலு விழுந்துவிட்டால் அதற்குத் திட்டு வேறு. வாத்தியார் ஐயா உங்களைக் கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளோடு, முதல் சுற்றுக்கு நாள் கூலியா, எடைக் கூலியா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில்: தாண்டிக்குடி வாத்தியார்

அம்மா, நீ சொன்னது சரி. நான் முதல் சுற்றுக்கு நாள் கூலி கொடுக்கிறேன், நடுச் சுற்றுக்கு எடைக் கூலி. இப்படி எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019-இல், அந்த 15,000 ரூபாய் போன ஆண்டில், முதல் சுற்றுக்கும் எடைக் கூலிதான் கொடுத்தேன். என் கழுத்தில் இருந்த கயிற்றை எடுத்து அடுத்தவர் கழுத்தில் போட்டிருக்கிறேன். அதை என் பேரேட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன், மறைக்க முடியாது.

பதில்: கூடலூர் மிளகுக்கொடி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் நீலகிரிக் கூடலூர். எங்கள் பக்கம் ரொபஸ்டா வகைக் காப்பிதான். முத்திரை நம் ஊருக்கு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லையைத் தாண்டினால் வயநாட்டில் 'ஃபேர் டிரேட் அலையன்ஸ் கேரளா' என்ற விவசாயிகள் அமைப்பு ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நடக்கிறது. என் மைத்துனர் அதில் உறுப்பினர். காப்பி மட்டும் அல்ல, மிளகு, முந்திரி, தேங்காய் எல்லாம் உண்டு. என் பார்வையில் அது நிற்பதற்குக் காரணமே அதுதான். காப்பி விழுந்த ஆண்டில் மிளகு தூக்கிவிடுகிறது. பணம் ஒரே மாதத்தில் வராமல் பிரிந்து பிரிந்து வருகிறது. வாத்தியார் சொன்ன ஆடி மாதப் பிரச்சினை அவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆண்டுதோறும் விதைத் திருவிழா நடத்துகிறார்கள். அங்கே போனால் பெயரே கேள்விப்படாத கிழங்குகளைப் பார்க்கலாம்.

ஆனால் விலை ஏறும்போது சங்கத்துக்குத்தான் சோதனை. 2024-இல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு 4,000 டாலரைத் தாண்டி ஓடியபோது, ஊருக்கு ஊர் வியாபாரிகள் ஜீப்போடு வந்து நின்றார்கள். மைத்துனர் பாதியைச் சங்கத்துக்கும் பாதியை ஜீப்புக்கும் கொடுத்தார். "விலை விழுந்தால் ஜீப் வராது என்று தெரியும், அதற்காக இன்றைக்கு வந்த லட்சுமியைக் காலால் தள்ளுவதா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: பித்தளை பாய்லர் (கோவை)

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகக் கடையில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் பாக்கிச் சில்லறை கேட்டு மூன்று முறை கூப்பிட்டாராம்.

வாத்தியார் ஐயா, ஒரு யோசனை. ஆண்டு முழுவதற்கும் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. சோதனையாக 200 கிலோ பார்ச்மென்ட் உங்களிடம் வாங்கிக்கொள்கிறேன். கிலோ 400 ரூபாய் என்று இன்றைக்கு ஒரு பேச்சுக்கு வைத்தால் 80,000 ரூபாய். அதில் 60 விழுக்காடு, 48,000 ரூபாய், இந்த ஆடியிலேயே கொடுத்துவிடுகிறேன். தையில் வெளி விலை என்னவோ அதன்படி மிச்சத்தைக் கணக்குத் தீர்க்கலாம். வெளி விலை 400-க்குக் கீழே போனாலும் நான் 400-ஐக் குறைக்கமாட்டேன். முதல் சுற்றுக்கு நாள் கூலி என்பதும் பேச்சில் சேரட்டும். அந்தக் கூடுதல் செலவில் பாதி என்னுடையது. 200 கிலோ வந்தால் என் கடைக்கு 67 நாள் ஓடும். சிக்கரி 20 விழுக்காடு போடுகிறேன், மன்னிக்கவும், அதை விட்டால் வாடிக்கையாளர்கள் என்னை விட்டுவிடுவார்கள்.

பதில்: தாண்டிக்குடி வாத்தியார்

தம்பி, பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது, கணக்குத்தான் பிடிக்கவில்லை. 200 கிலோ பார்ச்மென்டைத் தோலுரித்தால் 160 கிலோ கொட்டை. வறுத்தால் 133 கிலோ. நாளைக்கு மூன்று கிலோவில் சிக்கரி போக 2 கிலோ 400 கிராம் காப்பி என்றால், 55 நாள். 67 நாள் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஐம்பத்தாறாவது நாள் காலையில் வாடிக்கையாளருக்கு வெந்நீர்தான். தோலுரிக்கும் கூலியும் வறுக்கும் கூலியும் உங்கள் தலையில் விழும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டிவீரன்பட்டியில் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன, 200 கிலோவுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

பணத்தை அனுப்ப வேண்டாம். ஆடி முதல் வாரம் நேரில் வாருங்கள். வத்தலகுண்டிலிருந்து பஸ் இருக்கிறது. செடியில் காய் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். தண்டுத் துளைப்பான் பூச்சி தின்ற செடி எது என்பதையும் காட்டுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

பதில்: பெரும்பாறைப் பெண்

அண்ணா, ஆடியில் போங்கள். ஆனால் கார்த்திகையில் முதல் சுற்று பறிக்கும்போதும் ஒருமுறை போங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, எடை போடும் நேரத்துக்கு.

பதில்: தாண்டிக்குடி வாத்தியார்

தராசு என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. உன் அம்மாவையும் அழைத்து வா. முள்ளை அவர் பார்க்கட்டும், நான் எழுதுகிறேன்.